வெல்டிங் கண்ணாடியும் ஆடாதே அண்ணனும்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் குடும்ப அட்டை, மீனவர் அட்டை, வங்கிப் புத்தகம் என்று எதை வாங்கிப் பார்த்தாலும் அதில் ஒட்டியிருக்கும் முகம் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். கண் பிதுங்கி, கன்னம் உப்பி, தண்ணீருக்கு அடியிலிருந்து எட்டிப் பார்ப்பது போலிருக்கும். ஒரு வட்டாரத்தின் மொத்த ஜனங்களையும் ஒரே முகபாவத்துக்குக் கொண்டுவந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் ஆடாதே அண்ணன்.

படகுத்துறைக்குப் போகும் கடைத்தெருவில் அவருடைய ஸ்டூடியோ இருக்கிறது. பெயர்ப்பலகையை உப்புக்காற்று தின்றதுபோக ‘ஸ்டூடியோ’ என்ற சொல் மட்டும் மிச்சம். அதற்கு முன்னால் என்ன பெயர் இருந்தது என்று நான் விசாரித்த பதினைந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து, “ஆடாத! மூச்சு வுடாத!” என்று அவர் போடும் சத்தம் மட்டும் மீன் மார்க்கெட் வரை கேட்கும். அதுவே பெயராகிவிட்டது.

பாஸ்போர்ட் அளவுப் படத்துக்குக் கேமரா திறந்து மூட ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு போதும். அண்ணன் அதற்கு அரை நிமிடம் ஆளை அடக்கிவைப்பார். நொடிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணமாட்டார். மீன்களின் பெயரைச் சொல்லி எண்ணுவார். “மடவை... கெளுத்தி... கெழங்கா... கொடுவா...” என்று நிதானமாகப் போய், முப்பதாவதாக நண்டில் வந்து நிற்கும். நண்டு மீன் இல்லையே என்று ஒருமுறை கேட்டேன்.

“அது பக்கவாட்டுல நடக்குது சார். அதான் லேட்டா வந்து சேருது” என்றார்.

மீன் விற்கும் குப்பம்மா மீனவர் அட்டைக்குப் படம் எடுக்க வந்தபோது நான் அங்கே இருந்தேன். வஞ்சிரம் வரை பொறுத்தவர், அதற்குமேல் முடியாமல் எழுந்துவிட்டார்.

“யோவ், நீ போட்டோ புடிக்கறியா, உசுரு புடிக்கறியா?”

“இன்னும் பன்னெண்டு மீன்தாம்மா பாக்கி. உக்காரு.”

“எங்கூடைல மூணு மீனு பாக்கி. நாறிப்போச்சுன்னா நீ வாங்கிக்கிறியா?”

அவர் அட்டையில் ஒட்டியிருப்பது எழுந்து திட்டிக்கொண்டிருக்கும் படம்தான். அந்த வட்டாரத்திலேயே இயல்பாக இருக்கும் ஒரே படமும் அதுதான்.

அப்போது நான் பொன்னேரியில் தங்கி ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். முதல்முறை அந்த ஸ்டூடியோவுக்குள் நுழைந்தவன் வந்த வேலையை மறந்து நின்றுவிட்டேன். சுவர் முழுக்கப் பெரிது பெரிதாகப் பதினோரு கறுப்பு வெள்ளைப் படங்கள். பதினொன்றிலும் அருவி. பாறைகள் தொட்டால் சொரசொரக்கும் போல அவ்வளவு துல்லியம். தண்ணீரோ தண்ணீராகவே இல்லை. மலையிலிருந்து யாரோ வெள்ளை மல் துணியை அவிழ்த்து விட்டதுபோல, அடியில் மூட்டமாகப் படர்ந்து கிடந்தது. ஒரு திவலை இல்லை, ஒரு தெறிப்பு இல்லை. எனக்குத் தெரிந்த காட்சிதான். ஆனால் இதுவரை கண்ணால் பார்த்திராத காட்சி.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழவேற்காட்டில் ஒரு மேடுகூடக் கிடையாது. ஏரி பல இடங்களில் முழங்கால் ஆழம். தண்ணீர் உயரத்திலிருந்து விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் தெருக்குழாயைத்தான் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் அருவிப் பைத்தியமாக இருந்தார்.

“பதினோரு அருவியா அண்ணே?”

“ஒரே அருவிதான் சார். தடா பக்கத்து மலைல கீது. வருசத்துக்கு ஒருவாட்டி மழை முடிஞ்சதும் போவேன்.”

“ஒரே அருவியை எதுக்குப் பதினோரு தடவை?”

என்னை அனுதாபத்தோடு பார்த்தார். “வேற வேற தண்ணி சார்.”

அவர் செய்வது இதுதான். கேமராவின் கதவைக் கண்ணிமைக்கும் நேரம் திறக்காமல், அரை நிமிடம், மூன்று நிமிடம் என்று திறந்தே வைத்திருப்பது. அந்த நேரத்தில் அசையாமல் இருப்பது அப்படியே பதியும். அசைவது கரைந்து வெள்ளையாகும், அல்லது காணாமலே போகும். பகல் வெளிச்சத்தில் அவ்வளவு நேரம் திறந்துவைத்தால் படம் வெளுத்துவிடும் என்பதால் லென்ஸுக்கு முன்னால் இருட்டுக் கண்ணாடி ஒன்று மாட்ட வேண்டும். அதற்கென்றே விற்கும் கண்ணாடி உண்டு. அண்ணன் படகு இன்ஜின் பட்டறையில், வெல்டிங் வைப்பவர் முகமூடியிலிருந்து ஒரு கண்ணாடியைக் கேட்டு வாங்கி, ரப்பர் வளையமும் எம்சீலும் வைத்துக் கேமராவில் ஒட்டியிருந்தார். அதன் வழியாக எடுத்தால் உலகமே பச்சையாக வரும். அதனால்தான் எல்லாப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவார்.

துறைக்குப் போகிறவர்கள் அந்தக் கேமராவைப் பார்த்து, “இன்னாணா, கேமராவுக்குக் கண்ணு வலியா?” என்று விசாரிப்பார்கள். “ஆமா, கிட்ட வராத, ஒட்டிக்கும்” என்பார்.

பன்னிரண்டாவது படத்துக்கு அவரோடு நானும் போனேன். பஸ் ஆந்திர எல்லையை நெருங்கியபோது எளாவூர் சோதனைச் சாவடி வந்தது. அண்ணனிடம் இருந்தவை: சாக்கில் சுற்றிய கேமரா, சவுக்குக் கழி மூன்றை இணைத்துக் கட்டிய ஸ்டாண்டு, உதிரியாக இரண்டு வெல்டிங் கண்ணாடிகள், காலி கோணிப்பை ஒன்று. பஸ்ஸில் ஏறிய அதிகாரி வெல்டிங் கண்ணாடியைத் தொட்டார்.

“இது இன்னா?”

“கண்ணாடி சார்.”

“எதுக்கு?”

“அருவிக்கு.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பத்திரிகைக்காரன் என்று சொன்னதில் நிலைமை இன்னும் சிக்கலாயிற்று. அண்ணன் பதறவில்லை. கண்ணாடியை அவர் கையில் கொடுத்து, “சூரியனைப் பாருங்க சார்” என்றார். அதிகாரி கீழே இறங்கிப் பார்த்தார். பச்சை நிறத்தில், காசு மாதிரி வட்டமாக, கண் கூசாமல் சூரியன். மற்ற அதிகாரிகளையும் கூப்பிட்டுக் காட்டினார். டிரைவரும் இறங்கிப் பார்த்தார். அப்புறம் பயணிகள் வரிசை கட்டினார்கள். முக்கால் மணி நேரம் கழித்துப் பஸ் கிளம்பியபோது, யாரையோ வழியனுப்பிவைப்பது போல அந்த அதிகாரி கையசைத்துக்கொண்டு நின்றார்.

அருவியில் நல்ல கூட்டம். பாறைக்குப் பாறை பையன்களும் குடும்பங்களும். இதில் எங்கே படம் எடுப்பது என்று நான் சோர்ந்துபோனேன். அண்ணன் ஸ்டாண்டை ஊன்றிவிட்டு, வாழ்நாளெல்லாம் சொல்லிவந்ததற்கு நேர்மாறாகக் கத்த ஆரம்பித்தார்.

“ஆடு! ஆடிக்கினே இரு! நிக்காத! தம்பி, பச்ச ஜட்டி, உன்னத்தான், நிக்காத! அம்மா, குதிம்மா, குதி!”

பயத்திலோ உற்சாகத்திலோ எல்லோரும் குதித்தார்கள். கேமராவைத் திறந்துவிட்டு “மடவை...” என்று தொடங்கியவர், கெளுத்தி வருவதற்குள் செருப்பைப் பாறைமேல் கழற்றி வைத்துவிட்டு, கோணிப்பையோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். தன் படத்துக்குள் தானே! மீன் பெயர்களை உரக்கச் சொல்லிக்கொண்டே ஓடி ஓடி, பாறை இடுக்குகளில் கிடந்த பிளாஸ்டிக் பாட்டில்களையும் சிப்ஸ் பாக்கெட்டுகளையும் பொறுக்கிப் பையில் போட்டார். நண்டுக்கு முன்னால் கேமராவுக்கு ஓடிவந்து மூடிவிட்டார்.

“நீங்களே உள்ளே போயிட்டீங்களே, படம் கெட்டுப் போகாதா?”

“நான் எங்க சார் நின்னேன்?”

கேமராவின் சின்னத் திரையில் படம் வந்தது. பார்த்தேன். அருவியில் ஒருவர்கூட இல்லை. இருபது முப்பது பேர் கூச்சலிட்டுக் குதித்துக்கொண்டிருந்த அதே இடம், மனிதன் பிறப்பதற்கு முந்தைய காலம் போலக் கிடந்தது. பாறையும், அதைத் தழுவி இறங்கும் வெண்மையும் மட்டும். காதில் அவர்களுடைய சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, கண்ணில் அந்த நிசப்தம்.

அந்த நிசப்தம் கொஞ்ச நாளில் எனக்கே வினையாக வந்தது. முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது, தூர் வார வேண்டும் என்று குப்பத்து மக்கள் சாலை மறியல் செய்தார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. என் போனில் சார்ஜ் இல்லை. அந்த வழியாக வந்த அண்ணனைப் பிடித்து, ஒரு படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் பேட்டி எடுக்கப் போனேன். கேமராவில் வெல்டிங் கண்ணாடி ஒட்டியிருந்தது. அதைப் பெயர்க்க அரை மணி ஆகும் என்று அண்ணன் அப்படியே மூன்று நிமிடம் திறந்துவைத்து எடுத்து அனுப்பிவிட்டார். மாலையில் செய்தி ஆசிரியர் போன் செய்தார்.

“ஏன்யா, செய்தியில ‘மக்கள் வெள்ளம்’னு எழுதியிருக்க. படத்துல வெறும் ரோடு இருக்கு. ஒரு போலீஸ்காரர் நாற்காலியில உக்காந்து தூங்குறார். இதுதான் மறியலா?”

படத்தில் தெரிந்த ஒரே மனிதர் அந்தக் காவலர்தான். ஒவ்வொரு மயிர்க்காலும் துல்லியமாக விழுந்திருந்தது.

அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அவர் தன் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். அதைப் பத்து வருடமாகக் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவந்திருக்கிறார். “மனுசன் பொய் சொல்லுவான் சார். படம் சொல்லாது.”

அந்த வாக்கியம் திரும்பி வந்து அவரைக் கடித்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனிடமிருந்து போன் வந்தது. “சார், என் படம் ஒரு ஆள முழுங்கிடுச்சு. ஒடனே வாங்க.”

ஏரிக்கு அந்தப்புறம் ஒரு குப்பம், பெயர் வேண்டாம். அங்கேயும் சுற்றியுள்ள ஊர்களிலும் ‘பாடு’ என்றொரு வழக்கம் உண்டு. முகத்துவாரம் பக்கம் வலை கட்ட நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் வெட்டுக்குத்தில் முடியும். அதனால் சீட்டுக் குலுக்கி, இன்ன இடம் இன்ன நாள் இன்னாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். தன் முறைநாளில் ஒருவன் சொல்லாமல் இடத்தைக் காலியாக விட்டால், இந்தக் குப்பத்துக் கட்டுப்பாட்டின்படி அடுத்த சுற்றில் அவன் பெயர் சீட்டில் ஏறாது. இடம் காலியாகக் கிடந்தால் அடுத்த ஊர்ப் படகு வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது காரணம். அடுத்த சுற்று என்பது மழைக்குப் பிந்தைய இறால் சுற்று. வருடத்தில் அதுதான் சோறு.

பெயர் அடிபட இருந்தவர் தேசப்பன், நம் குப்பம்மாவின் கணவர். குப்பம்மா பேசுவதில் நூறில் ஒரு பங்குகூடப் பேசாதவர். வலது ஆள்காட்டி விரலின் நுனியை இன்ஜின் பெல்ட் கொண்டுபோன அன்றைக்கும் “ஸ்” என்று மட்டும் சொன்னவர் என்பார்கள். அவருடைய முறைநாளில் காற்று அதிகம். வேறு யாரும் ஏரியில் இறங்கவில்லை. கூடப் போகும் மச்சான் காய்ச்சலில் படுத்துவிட்டான். தேசப்பன் தனியாகப் போய், ஒன்றும் கிடைக்காமல் வெறும் வலையோடு திரும்பியதாகச் சொன்னார். பார்த்தவர் யாரும் இல்லை.

ஒரே ஒருவரைத் தவிர. அதே காலையில் அண்ணன் மணல்மேட்டில் கேமராவை நிறுத்தி, அருவி கிடைக்காத மாதங்களில் ஏரியையே அருவியாகப் பார்க்கும் முயற்சியில், அந்த இடத்தில் வலை கட்ட நட்டிருந்த கம்பங்களை மூன்று நிமிடம் திறந்துவைத்து எடுத்திருந்தார். அற்புதமான படம். பால் போன்ற வெளி, அதில் இரண்டு கம்பங்கள், வேறு எதுவுமே இல்லை. கீழே தேதி, நேரம், ‘ஆறு சுற்று மீன்’ என்று எழுதி ஸ்டூடியோ கண்ணாடியில் மாட்டிவிட்டார். வங்கிப் புத்தகத்துக்குப் படம் எடுக்க வந்த ஊர்த் தலைவர் அதைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். இடத்தைப் பார்த்தார். சட்டத்தோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வலை பின்னும் கொட்டகைக்கு முன்னால் கூட்டம் கூடியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரியவர்கள். மணலில் மற்றவர்கள். நடுவில் அந்தப் படம் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. தலைவருக்கு ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருப்பு கொள்ளாது. உட்கார்ந்தார், எழுந்தார், துண்டை உதறினார், நடந்தார்.

“போட்டோ, நீ இங்க வா. இது உன் படந்தானே?”

“என் படந்தான் தலைவரே.”

“தேதி, டைமு எல்லாம் கரீட்டா?”

“கரீட்டு.”

“இது தேசப்பன் பாடுதானே? இதுல அவன் எங்க கீறான்?”

“இருந்தாரு தலைவரே. என் கண்ணால பாத்தேன்.”

“படத்துல இல்லையே?”

“ஆடிக்கினு இருந்தாரு. அதான் படத்துல வுழல.”

“ஆடுனா மனுசன் காணாமப் பூடுவானா? இன்னா பேசற நீ? அப்ப உன் படம் பொய்யா?”

அண்ணன் முகத்தில் ரத்தம் ஏறியது. “படம் பொய் சொல்லாது.”

“அப்ப தேசப்பன் பொய் சொல்றான்.”

“அவரும் பொய் சொல்லல.”

“நீதானயா பத்து வருசமா மார்க்கெட் பூரா கூவிக்கினு கீற, மனுசன் பொய் சொல்லுவான், படம் சொல்லாதுன்னு? இப்ப நீ மனுசன், இது படம். நான் எத்த நம்புறது?”

கூட்டம் சிரித்தது. குப்பம்மா சிரிக்கவில்லை. கூட்டத்தின் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தேசப்பன் கொட்டகைத் தூணோரம் தலை குனிந்து நின்றார்.

அண்ணன் தோளில் இருந்த சவுக்குக் கழி ஸ்டாண்டை இறக்கி ஊன்றினார். கேமராவைப் பொருத்தினார். “எல்லாரும் அப்படியே இருங்க” என்றார். ஆடாதே என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் அவர் படம் எடுத்து நான் பார்த்தது அருவிக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

மடவையிலிருந்து நண்டு வரை ஆறு சுற்று. அந்த மூன்று நிமிடமும் தலைவர் கத்தினார். “இன்னாடா மந்திரம் போடறியா? கூட்டம் நடக்கற எடத்துல மீனு ஏலமா வுடற?” என்று நாற்காலிக்கு முன்னாலும் பின்னாலும் நடந்தார். படம் முடிந்தது. அண்ணன் திரையைத் தலைவரிடம் நீட்டினார்.

கொட்டகை இருந்தது. தூங்கும் நாய் ஒன்று, மீசை உட்பட இருந்தது. நாற்காலிகளில் பெரியவர்கள் புகைபோல இருந்தார்கள். குப்பம்மா முறைத்த முறைப்பில் கல்வெட்டு மாதிரி பதிந்திருந்தார். நடு நாற்காலி காலியாக இருந்தது.

“நான் எங்கடா?”

“நீங்க கூட்டத்துக்கு வரவே இல்ல தலைவரே” என்றார் அண்ணன்.

குப்பம்மா எழுந்தார். “தலைவரு வராத கூட்டம் செல்லாது. எல்லாரும் எழுந்து வூட்டுக்குப் போங்க!”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. திரை கைமாறிக் கைமாறிக் கடைசி வரிசை வரை போய்வந்தது. வழக்கு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். தலைவர் முடிக்கவில்லை. அந்த மனிதரின்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

“சரி. ஆடுனா மறைஞ்சிடுவான், ஒத்துக்கறேன். அதுக்காவ மறைஞ்சவன்லாம் அங்க இருந்தான்னு ஆயிடுமா? அந்த ஏரிப் படத்துல நான் கூடத்தான் இல்ல, இவங்க யாரும் கூடத்தான் இல்ல. நாங்கல்லாம் பாடு எடத்துக்குப் போனோமா?”

சரியான கேள்வி. தேசப்பனின் இறால் சுற்று மறுபடியும் கையைவிட்டுப் போனது.

தலைவர் சாத்தி வைத்திருந்த ஏரிப் படத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அன்று முதல்முறையாக அசையாமல் இருந்தார். படத்தை எல்லோரும் ஆள் இருக்கிறதா என்று பார்த்தோம். அவர் தண்ணீரைப் பார்த்தார். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் கிழக்குப் பக்கமாக ஒரு வெள்ளைக் கீற்று, வால் போல நீண்டிருந்ததை விரலால் தொட்டார்.

“வால் கெழக்கால நீட்டிக்கினு கீது. தண்ணி கடலுக்கு எறங்குது. வத்தம்.” பிறகு தலையைத் திருப்பாமல், “தேசா, வத்தத்துல தனி ஆளா படக எப்புடி நிறுத்துன? மச்சானும் இல்ல. இழுத்துக்கினு போயிருக்குமே?” என்றார்.

தேசப்பன் அந்தக் காலையில் பேசிய முதல் வாக்கியம் இது. “கம்பத்தப் புடிச்சிக்கினு இருந்தேன் நைனா.”

“எவ்ளோ நேரம்?”

“இழுப்பு அடங்கற மட்டும்.”

“எந்தக் கம்பம்?”

“வடக்கால கம்பம். வலது கையி.”

தலைவர் எழுந்தார். “போட்டோ, இத்தப் பெருசாக்க முடியுமா?”

“ஸ்டூடியோல கம்ப்யூட்டர்ல முடியும்.”

“அப்ப கூட்டம் அங்க.”

ஊர்க்கூட்டம் படகேறியது. நான்கு படகுகளில் ஏரியைக் கடந்து, கடைத்தெருவில் வரிசையாக நடந்து, பத்துக்குப் பத்து ஸ்டூடியோவுக்குள் நுழைந்த அளவு நுழைந்து மீதி ஜன்னலில் தொங்கியது. பன்னிரண்டு அருவிகளுக்கு நடுவே அண்ணன் உட்கார்ந்து படத்தைத் திறந்தார். வடக்குக் கம்பத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கம்பத்தின் பட்டை தெரிந்தது. ஒட்டியிருந்த சிப்பி தெரிந்தது. தண்ணீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே ஏதோ கறுப்பாக இருந்தது. மறுபடியும் பெரிதாக்கினார்.

கை. கம்பத்தைச் சுற்றி இறுகப் பிடித்திருந்த நான்கு விரல்கள். மணிக்கட்டுக்கு அப்பால் எதுவும் இல்லை. படகு ஆடியது, உடம்பு ஆடியது, அவையெல்லாம் அந்தப் பால்வெளியில் கரைந்துபோயின. மூன்று நிமிடமும் அசையாமல் இருந்தது அந்தப் பிடி ஒன்றுதான். நரம்பு புடைத்திருந்தது. மேல் விரலுக்கு நுனி இல்லை.

மூச்சு விடாதே என்று சொல்ல அன்றைக்கு அண்ணனுக்கு வேலை இருக்கவில்லை.

தலைவர்தான் முதலில் அசைந்தார். தேசப்பனின் வலது கையைப் பிடித்துத் தூக்கி, திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே விட்டார்.

“பேர எழுது” என்றார்.

குப்பம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். “ஏன்யா, மொதல்லயே இத்தப் பாத்து சொல்லிருந்தா இன்னா? ஊர உப்புத்தண்ணில இட்டாந்து அலைக்கழிச்சிட்ட.”

“எனக்கே தெரியாதும்மா” என்றார் அண்ணன். அவர் கண் திரையை விட்டு விலகவில்லை. பன்னிரண்டு வருடமாகத் தண்ணீர் என்னவாகிறது என்று மட்டுமே பார்த்து வந்தவர், அன்றைக்கு வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் இப்போது தேசப்பன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் குப்பம்மா அந்தக் காலி ஏரியைக் காட்டி, “இதோ, எங்க வூட்டுக்காரரு” என்று அறிமுகம் செய்கிறார். வந்தவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் வணக்கம் வைக்கிறார்களாம். அண்ணனும் ஒரு திருத்தம் செய்துகொண்டார். இப்போதெல்லாம் படத்தின் கீழே தேதி எழுதுவதில்லை. மீன் கணக்கு மட்டும் எழுதுகிறார்.

நான் ஊர் மாறியபோது, நாங்கள் சேர்ந்துபோய் எடுத்த பன்னிரண்டாவது அருவியைச் சுவரிலிருந்து இறக்கி என் கையில் கொடுத்தார். இங்கே அடுக்குமாடி வீட்டின் சுவரில் அது தொங்குகிறது. வருகிறவர்கள், “ஆளே இல்லாத இடமா இருக்கே, எங்கே இது?” என்று கேட்கிறார்கள்.

நான் படத்தின் இடது மூலைக்கு விரலைக் கொண்டுபோவேன். ஈரப் பாறையின்மேல், வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி, அவ்வளவு தெளிவாக இருக்கும். அதன் சொந்தக்காரர் அந்த வெண்மைக்குள்தான் எங்கேயோ கோணிப்பையோடு ஓடிக்கொண்டிருக்கிறார். மீன் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னும் நண்டு வரவில்லை.